நன்னோக்கப் பொய்யும் அதன் எச்சமும்: தடுப்பூசி வதந்திகளை எதிர்கொண்ட மக்கள் தொடர்பு முயற்சிகளின் வரலாறு (1802–2017)

ஆய்வுச் சுருக்கம்

பிழையான தகவல்களை எதிர்கொள்ளும் பொறுப்பு இன்று அரசுத் துறைகளிலும் நிறுவனங்களிலும் இயங்கும் மக்கள் தொடர்புக் குழுக்களைச் சார்ந்துள்ளது. இப்பொறுப்பு சமூக ஊடகங்களோடு பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரியம்மைத் தடுப்பூசி சென்னை மாகாணத்திற்கு வந்தபோதே, மக்களின் அச்சத்தையும் ஐயத்தையும் போக்கும் பணி அதிகாரிகளுக்கு வாய்த்தது. அவர்களுள் ஒருவரான எஃப். டபிள்யூ. எல்லிஸ் மேற்கொண்ட வழி, பழஞ்சுவடி போன்ற ஒன்றைப் புனைந்து உண்மைக்குத் துணையாக நிறுத்துவதாகும். அப்புனைவு தன் நோக்கம் மறைந்த பின்னும் நிலைத்து, தானே ஒரு பிழைத்தகவலாகியது. இக்கட்டுரை அந்நிகழ்வையும், பெரியம்மை ஒழிப்பு, போலியோ ஒழிப்பு, 2017ஆம் ஆண்டுத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் ஆகியவற்றில் வதந்திகள் எதிர்கொள்ளப்பட்ட முறைகளையும் ஒப்பிட்டு ஆராய்கிறது. பொய்யைப் பொய்யால் வெல்லும் முயற்சி பிற்காலத்தவர் மீது சுமையை ஏற்றுகிறது என்பதும், வதந்தியின் வேரைக் கண்டு அதற்கு மெய்யான விடையளிக்கும் முயற்சியே நிலைத்த பயனைத் தருகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மக்கள் தொடர்பு, பிழைத்தகவல், பொய்த்தகவல், வதந்தி, பெரியம்மை, எல்லிஸ், தடுப்பூசி, போலியோ.

1. முன்னுரை

ஒரு செய்தி உண்மையன்று என அறியாமல் அதனைப் பிறருக்குச் சொல்பவரும், உண்மையன்று என நன்கறிந்தே பரப்புபவரும் ஒரே தீங்கை விளைவிக்கலாம். ஆயினும் அவர்கள் ஒரே தன்மையினர் அல்லர். முன்னவர் பரப்புவதைப் ‘பிழைத்தகவல்’ என்றும், பின்னவர் பரப்புவதைப் ‘பொய்த்தகவல்’ என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாடு எதிர்கொள்ளும் முறையையும் தீர்மானிக்கிறது. பிழைத்தகவலை நம்பியவர் பெரும்பாலும் அஞ்சியவர். அவருக்குத் தேவை விளக்கம். பொய்த்தகவலை உருவாக்கியவருக்கு ஓர் ஆதாயம் உண்டு. அவரிடம் விளக்கம் செல்லாது.

இவ்விரண்டிற்கும் இடையில் மூன்றாவது வகையொன்றும் உண்டு. பிறர் நலம் கருதி, நல்ல முடிவை நோக்கி, அறிந்தே சொல்லப்படும் பொய் அது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் இத்தகைய பொய்க்கு இடமளிக்கிறது. ஆனால் விளையும் நன்மை குற்றம் சிறிதும் கலவாததாக இருக்க வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையோடு அளிக்கிறது. ஒரு மக்கள் தொடர்பாளர் தம் காலத்து நன்மையை மட்டும் கண்டு இந்நிபந்தனை நிறைவேறியதாகக் கருதலாம். அது உண்மையில் நிறைவேறியதா என்பதை அடுத்தடுத்த தலைமுறைகளின் அனுபவமே காட்டும். ஆகவே, இது வரலாற்று ஆய்வுக்குரிய வினாவாகிறது.

இவ்வினாவுக்குத் தடுப்பூசியின் வரலாறு மிகப் பொருத்தமான களம். தடுப்பூசி குறித்த வதந்தியின் விலை குழந்தைகளின் உயிராகவோ உடல் ஊனமாகவோ அமைகிறது. மேலும், இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்ச்சியான பதிவுகளும் இத்துறையில் கிடைக்கின்றன.

2. பசுவம்மை சென்னைக்கு வந்த காலம்

இங்கிலாந்தின் எட்வர்டு ஜென்னர் பசுவம்மைப் பால் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1796இல் சோதித்து, 1798இல் நூலாக வெளியிட்டார். அம்மைப்பால் பாக்தாது, பாசுரா வழியாக, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றப்பட்டு, 1802இல் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு இடப்பட்டதே இந்தியாவின் முதல் தடுப்பூசி. அங்கிருந்து ஐதராபாத்து, சென்னை, இலங்கை முதலிய இடங்களுக்கு அது கொண்டுசெல்லப்பட்டது. அக்காலத்தில் சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதனைப் பரப்புவதில் ஆர்வம் காட்டினார்.

இம்முறையை ஏற்பதில் மக்களுக்குப் பல தயக்கங்கள் இருந்தன. தமிழகத்தில் பெரியம்மை வெறும் நோயாகக் கருதப்படவில்லை. உடலில் எழும் கொப்புளம் முத்து. நோய் கண்டிருப்பது தாய் இறங்கியிருப்பது. நோய் தணிவது தாய் குளிர்வது. வேப்பிலையும் குளிர்ந்த உணவும் வீட்டின் அமைதியும் அத்தெய்வத்திற்குச் செய்யும் மரியாதை. இப்பின்னணியில் கத்திமுனையால் தோலைக் கீறி அம்மையை வலிந்து வரவழைப்பது தெய்வத்தோடு மல்லுக்கு நிற்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தயக்கம் சமயம் சார்ந்ததாக மட்டும் இல்லை. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறையில், முன்பு அம்மை குத்தப்பட்ட குழந்தையின் கொப்புளத்திலிருந்து பால் எடுக்கப்பட்டது. யாருடைய குழந்தையின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற சாதி சார்ந்த வினா எழுந்தது. பால் கொடுத்த குழந்தையின் தாய்க்கோ தன் குழந்தையின் புண் மீண்டும் கீறப்படும் வேதனை இருந்தது. வெப்பம் மிகுந்த நாட்டில் பால் கெட்டுப்போவதும், அதனால் ஊசி பலிக்காமல் போவதும் அடிக்கடி நிகழ்ந்தன. தென்னிந்தியாவில் தடுப்பூசிக்கு எழுந்த எதிர்ப்பை ஆராய்ந்த நீல்ஸ் பிரிம்னஸ் போன்ற வரலாற்றாளர்கள், அதனை மூடநம்பிக்கை என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட இயலாது என்பதை உணர்த்தியுள்ளனர்.

ஐயம் உள்ள இடத்தில் வதந்தி வேர்பிடிக்கும். வட இந்தியாவில் பரவிய வதந்தி ஒன்று இதற்குத் தக்க சான்று. ஆங்கிலேயரை வெளியேற்றப் பிறந்திருக்கும் குழந்தை ஒன்றின் குருதி வெண்மையாக இருக்கும் என்றும், அக்குழந்தையைக் கண்டுபிடித்து அழிக்கவே அனைத்துக் குழந்தைகளின் கையையும் கீறிப் பார்க்கின்றனர் என்றும் அவ்வதந்தி கூறியது. மருத்துவ நோக்கில் இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. ஆனால், அந்நிய அரசு எதற்காகத் தன் குடிகளின் குழந்தைகள் மீது திடீரென அக்கறை கொள்கிறது என்ற வினா இவ்வதந்திக்குள் இருந்தது. அவ்வினா நியாயமானது.

இக்காலத்தின் தொடர்பு முயற்சிகளுள் மைசூர் அரண்மனையோடு தொடர்புடையது குறிப்பிடத்தக்கது. 1805ஆம் ஆண்டையொட்டி ஐரிய ஓவியர் தாமஸ் ஹிக்கி தீட்டியதாகக் கருதப்படும் மைசூர் அரசியர் மூவரின் ஓவியத்தில், இளைய அரசி தம் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைக் காட்டி நிற்கிறார். அது அம்மை குத்தப்பட்ட இடத்தைச் சுட்டுவது என்றும், தடுப்பூசியை மக்கள் ஏற்கச் செய்யும் நோக்குடன் தீட்டப்பட்டது என்றும் வரலாற்றாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். இவ்விளக்கம் ஏற்கப்படின், மக்கள் அறிந்த ஒருவர் தாம் செய்துகொண்டதையே வெளிப்படையாகக் காட்டிய தொடர்பு முயற்சியாக அது அமைகிறது. அதே காலச் சென்னையில் மேற்கொள்ளப்பட்ட வழி இதற்கு நேர்மாறானது.

3. எல்லிஸும் ‘கண்டெடுக்கப்பட்ட’ செய்யுளும்

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் தமிழாய்வுலகம் நன்கறிந்த பெயர். 1810 முதல் சென்னையின் கலெக்டராகப் பணியாற்றியவர்; 1812இல் தோன்றிய சென்னைக் கல்லூரியின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர்; திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர். தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்றும் வேறான தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை, கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1816இல் சான்றுகளுடன் நிறுவியவர்.

தடுப்பூசிக்கு எழுந்த தயக்கத்தை எல்லிஸ் ஒரு மொழியறிஞரின் கருவியைக் கொண்டு எதிர்கொண்டார். அம்மைத் தெய்வமான சக்திக்கும் மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாகத் தமிழில் அவர் எழுதிய ஆக்கம் ஒன்று அறியப்பட்டுள்ளது. பசு தரும் தூய பொருள்களின் வரிசையில் பசுவம்மைப் பாலையும் தெய்வக் கொடையாக வைத்துப் பேசுவது அதன் போக்கு. எல்லிஸைப் பற்றித் தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூல் இதன்பால் கவனத்தை ஈர்த்தது. மக்கள் தெய்வமாகப் போற்றுவதைப் பழிக்காமல், அத்தெய்வத்தின் வாயிலாகவே புதிய மருத்துவத்தைச் சொல்ல முனைந்த இவ்வாக்கம், தொடர்பியல் நோக்கில் நுட்பமானது. கேட்பவரின் மொழியிலும் உலகிலும் நின்று பேச வேண்டும் என்ற கோட்பாட்டை அது பின்பற்றுகிறது.

சிக்கல் அடுத்த அடியில் நேர்ந்தது. எல்லிஸ் தடுப்பூசி குறித்து வடமொழியில் சிறு செய்யுள் ஒன்றை இயற்றினார் என்றும், அது பழைய தாளில் எழுதப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது என்றும், பழமையின் மதிப்பால் அந்தணர்களை இணங்கச் செய்வதே அதன் நோக்கம் என்றும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிவொன்று கூறுகிறது. தெய்வ உரையாடலாக ஓர் இலக்கியம் படைப்பது வேறு. புதிதாக எழுதியதைப் பழஞ்சுவடி எனக் காட்டுவது வேறு. முன்னது கருத்தைச் சொல்லும் முறை. பின்னது சான்றைப் பொய்யாக்குவது.

இதில் ஒரு முரண் உண்டு. ‘எசூர்வேதம்’ எனப்பட்ட நூல் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பழமையான இந்திய வேத இலக்கியமாகப் போற்றப்பட்டது. வால்டேர் அதனைப் பெரிதும் மதித்தார். அது கிறித்தவப் பணியாளர் வட்டத்தில் சமயப் பரப்பு நோக்குடன் புனையப்பட்டது என்பதைப் புதுச்சேரியில் இருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் எல்லிஸே. அக்கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1822இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் வெளியாயிற்று. ஒரு நன்னோக்கப் போலி எவ்வாறு கண்டங்களைக் கடந்து அறிஞர்களை ஏமாற்றும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அக்காலச் சென்னையில் இருந்திருக்க இயலாது. அவரே தடுப்பூசிக்காக அதே வழியில் சென்றார் எனில், உயிர்காக்கும் ஆர்வம் சான்று குறித்த எச்சரிக்கையை எவ்வளவு எளிதில் மறைத்துவிடும் என்பது புலனாகிறது.

இத்தகைய முயற்சி சென்னையோடு நிற்கவில்லை. தடுப்பூசியைக் கூறும் வடமொழிப் பகுதி ஒன்று பரேலியிலிருந்தும் முன்வைக்கப்பட்டது. வங்காளத்தில் தடுப்பூசிப் பணியின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் ஷூல்பிரெட், அது பிற்காலத்தில் செருகப்பட்டது எனக் கருதி ஏற்க மறுத்தார். தடுப்பூசியைப் பரப்புவதையே தொழிலாகக் கொண்டவர், தம் பணிக்கு உதவக்கூடிய போலிச் சான்றைத் தள்ளினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. எல்லிஸின் வழி அக்காலத்தில் தவிர்க்க இயலாததாக இருந்தது என்ற வாதத்திற்கு ஷூல்பிரெட்டின் செயலே மறுப்பாகும்.

மேலும், மெய்யான சான்றும் கைவசம் இருந்தது. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைக் கொண்டே அம்மை குத்தும் பழக்கம் வங்காளத்தில் நெடுங்காலமாக வழக்கில் இருந்தது. ஜே. இசட். ஹால்வெல் 1767இல் அதனை விரிவாக விவரித்துள்ளார். புதிய முறை அப்பழைய முறையின் ஆபத்துக் குறைந்த வடிவம் என்று சொல்வதற்குப் புனைவு எதுவும் தேவைப்பட்டிருக்காது. பழைய முறையில் அம்மை குத்தியவர்களுள் பலர் பின்னர்த் தடுப்பூசிப் பணியாளர்களாகச் சேர்க்கப்பட்டதும் இவ்வழி இயன்றது என்பதைக் காட்டுகிறது.

4. புனைவின் எச்சம்

1819 ஜனவரி 12ஆம் நாளிட்ட ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்ற தமிழ்ப் புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. தன்வந்திரி இயற்றியதாகக் கூறப்படும் ‘சக்தேய கிரந்தம்’ என்னும் நூலில், பசுவின் மடிக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்துக் கத்திமுனையால் கையில் ஏற்றும் முறை சொல்லப்பட்டுள்ளது என அக்கடிதம் தெரிவித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். புனைந்தவர் மறைந்தார், புனைவு பயணத்தைத் தொடங்கியது.

சில ஆண்டுகளுக்குள் அச்செய்தி பிரெஞ்சு மருத்துவ எழுத்துகளில் இடம்பெற்றது. ஒரு நூல் மற்றொன்றைச் சான்றாகக் காட்டியது. அதனை அடுத்தது சான்றாகக் காட்டியது. மூலச்சுவடியைக் கண்டவர் யார் என்ற வினா எழவேயில்லை. மேற்கோளின் எண்ணிக்கை சான்றின் வலிமையாகக் கொள்ளப்பட்டது. இன்று ‘பகிரப்பட்டது’ என்ற குறிப்போடு வரும் செய்தி நம்பகம் பெறுவதும் இதே வழியில்தான்.

இவ்வரலாற்றின் முரண்மிக்க கட்டம் 1905இல் நேர்ந்தது. அம்மைப்பால் உற்பத்திக்கெனக் கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட நிறுவனம் சுகாதார அதிகாரி டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரால் இன்றும் வழங்குகிறது. 1905இல் சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபு ஆற்றிய உரையொன்றில், பசுவின் வழியாகத் தடுப்பூசி பெறும் முறையைப் பண்டைய இந்தியர் அறிந்திருக்கக்கூடும் என்று கிங் தம்மிடம் கூறியதாகக் குறிப்பிட்டு, தன்வந்திரியின் வாக்கு எனப்பட்ட அதே பகுதியைச் சான்றாகக் காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கு முன் சென்னை மக்களை இணங்கச் செய்யப் புனைந்தது, சென்னையை ஆண்ட ஆளுநரின் வாயிலிருந்தே உண்மையாக வெளிவந்தது. ஆளுநரும் கிங்கும் பொய் சொல்லவில்லை, நம்பியதைச் சொன்னார்கள். அறிந்து சொன்ன பொய், அறியாமல் சொல்லப்படும் பிழையாக மாறிவிட்டது.

அவ்வுரை பின்னர்ப் பல நூல்களில் எடுத்தாளப்பட்டது. இந்தியப் பெருமிதம் பேசிய எழுத்துகளுக்கு ஆங்கில ஆளுநரின் வாய்மொழி மறுக்கவியலாச் சான்றாகத் தோன்றியது. டொமினிக் வுயஸ்டிக் 1987இல் வெளியிட்ட ஆய்வு இச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து சென்று, இக்கூற்று நன்னோக்கம் கொண்ட போலியிலிருந்து பிறந்தது என்ற முடிவுக்கு வந்தது. ஆயினும், ஜென்னருக்கு முன்பே இந்தியாவில் தடுப்பூசி இருந்தது என்ற செய்தி இன்றும் வலம் வருகிறது. எல்லிஸின் புனைவு தந்த பயனைவிட அதன் எச்சமே வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது. வங்காளத்தில் மெய்யாகவே இருந்த அம்மை குத்தும் மரபும் இப்போலியோடு குழப்பப்பட்டு, உரிய மதிப்பை இழந்தது. ஒரு பொய், தன் அருகில் நின்ற உண்மையையும் ஐயத்திற்குரியதாக்கியது.

5. வதந்தியைப் பதிவுசெய்தல்: பெரியம்மை ஒழிப்பு

இந்தியாவில் பெரியம்மையின் இறுதி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக 1980 மே 8ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றியின் மருத்துவப் பக்கம் பலமுறை எழுதப்பட்டுள்ளது. தகவல் தொடர்பு சார்ந்த பக்கம் அத்துணைக் கவனம் பெறவில்லை.

1970களின் ஒழிப்புப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, பெரியம்மை கண்ட குழந்தையின் படம் தாங்கிய அட்டையைக் காட்டி, இத்தகைய நோயாளி எவரேனும் உண்டா என வினவினர். புதிய நோயாளியைத் தெரிவிப்போருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. நோய் அரிதாக அரிதாகப் பரிசு உயர்ந்து, இறுதியில் 1,000 ரூபாயாயிற்று. வந்த ஒவ்வொரு தகவலும் ‘வதந்திப் பதிவேடு’ ஒன்றில் எழுதப்பட்டு, நேரில் சென்று சரிபார்க்கப்பட்டு, முடிவு எதிரே குறிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டளவிலும் இத்தகைய பதிவேட்டைப் பேணியது.

இங்கு ‘வதந்தி’ என்ற சொல் பழிச்சொல்லாக இல்லை. இன்னும் சரிபார்க்கப்படாத தகவல் என்பதே அதன் பொருள். பெரும்பாலான வதந்திகள் சின்னம்மையாகவோ வேறு தோல்நோயாகவோ முடிந்தன. ஆயினும், தெரிவித்தவர் ஏளனம் செய்யப்படவில்லை. அவர் சொன்னது சரிபார்க்கப்பட்டது. காலனிய அதிகாரிகள் வதந்தியை அடக்கவேண்டிய பகையாகக் கண்டனர். ஒழிப்புப் பணியாளர்கள் அதனைக் கேட்கவேண்டிய செய்தியாகக் கொண்டனர். மக்கள் தொடர்பின் நோக்கில் இது அடிப்படையான மாற்றம்.

6. வேரைத் தேடுதல்: போலியோ ஒழிப்பு

1995இல் நாடு தழுவிய போலியோ சொட்டு மருந்து நாள்கள் தொடங்கின. 2002இல் 1,600 குழந்தைகள் போலியோவால் தாக்கப்பட்டனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியில், சொட்டு மருந்து ஆண்மையைப் போக்கும், பெண்களை மலடாக்கும், முஸ்லிம் மக்கள்தொகையைக் குறைக்கும் திட்டமே இது என்ற வதந்தி பரவியிருந்தது. பணியாளர்களைக் கண்டதும் பல வீடுகளின் கதவுகள் அடைக்கப்பட்டன.

வதந்தியின் வடிவம் பொய். அதற்கு உரமிட்ட அனுபவங்களோ பொய்யல்ல. முதலாவது, 1970களின் நெருக்கடிநிலைக் காலக் கட்டாயக் கருத்தடை குறித்த நினைவு அப்பகுதியில் உயிரோடிருந்தது. இரண்டாவது, காய்ச்சலுக்கு மருந்தும் பிரசவத்திற்கு மருத்துவரும் இல்லாத தெருவுக்கு, கேட்காத ஒரு சொட்டு மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வந்தது. மூன்றாவது, பலமுறை மருந்து பெற்ற குழந்தைகள் சிலரையும் போலியோ தாக்கியது. வாய்வழிச் சொட்டு மருந்து இந்தியச் சூழலில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பாதுகாப்பையே தருகிறது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். தாய்மார் கண்டதும் ஆய்வாளர் கண்டதும் ஒன்றே. மருந்து முழுப் பாதுகாப்பைத் தரும் என்ற பரப்புரைதான் அவ்விடத்தில் உண்மையிலிருந்து விலகியிருந்தது.

இதற்குரிய மறுமொழி மெல்ல உருவாயிற்று. யுனிசெப் துணையுடன் சமூக அணிதிரட்டல் வலையமைப்பு கட்டப்பட்டது. அதில் பணியாற்றியவர்களுள் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். வீடுதோறும் யார் மறுத்தார், எதனால் மறுத்தார் என்பதை அவர்கள் குறித்து வைத்தனர். மசூதிகளின் இமாம்கள், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற கல்வி நிறுவனங்கள் ஆதரவளித்தன. சொல் மட்டுமன்றிச் செயலும் மாறியது. 2005இல் ஒற்றைவகை வைரசுக்கான ஆற்றல் மிகுந்த மருந்தும், 2010இல் இருவகைக்கான மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தன. சொட்டு மருந்தோடு பிற நோய்த்தடுப்பு, வயிற்றுப்போக்குக் கட்டுப்பாடு, தூய்மை ஆகியவையும் கவனிக்கப்பட்டன.

பயன் உடனே கிட்டவில்லை. 2006இல் 676 குழந்தைகளும் 2009இல் 741 குழந்தைகளும் தாக்கப்பட்டனர். பின்னர் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் நோய் தாக்கிய ஒரு குழந்தையே நாட்டின் இறுதி நோயாளி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்காசிய மண்டலம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. மக்கள் தொடர்பு இவ்வெற்றியைத் தனித்து ஈட்டவில்லை. மருந்தின் ஆற்றலும் சேவையின் தரமும் உயர்ந்தபோதே அதன் சொல் எடுபட்டது.

7. கைபேசியில் வந்த வதந்தி: தமிழ்நாடு, 2017

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகியவற்றில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசியிடுவது இலக்கு. தடுப்பூசியை ஏற்பதில் முன்னணியில் நிற்கும் மாநிலமாகத் தமிழ்நாடு அறியப்பட்டிருந்தது. ஆயினும், இவ்வூசி சோதிக்கப்படாதது, பக்க விளைவுகள் மிகுந்தது, வெளிநாட்டுச் சதி என்ற செய்திகள் வாட்ஸ்அப், முகநூல் வழியாகப் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். சிலர் ஊசியிடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்கப்பட்டது.

இவ்வதந்திக்கு எதிரான உண்மை எளியது. தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதல் தேசியத் திட்டத்தில் உள்ளது. ரூபெல்லாவையும் உள்ளடக்கிய ஊசி தனியார் மருத்துவமனைகளில் பல்லாண்டுகளாகக் கட்டணத்திற்கு இடப்பட்டு வந்தது. பணமுள்ளோர் வாங்கிக்கொண்ட பாதுகாப்பு அனைவருக்கும் இலவசமாக வருகிறது என்ற செய்தி, இயக்கத்திற்கு முன்பே ஒவ்வொரு பெற்றோரையும் எட்டியிருந்தால் ‘புதிய ஊசி’ என்ற சொல்லுக்கு வலுவிருந்திராது. மருத்துவர்களும் சுகாதாரத் துறையினரும் உரிய விளக்கங்களை அளித்தனர். ஆனால், வதந்தி முதலில் வந்து அமர்ந்த இடத்தில் விளக்கம் இரண்டாவதாக வந்து நிற்க நேர்ந்தது.

8. வரலாறு காட்டும் நெறிகள்

மேற்கண்ட நான்கு கட்டங்களும் மக்கள் தொடர்புக் குழுக்களுக்குச் சில நெறிகளைத் தருகின்றன.

முதலாவது, முந்திச் சொல்லுதல். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1960களின் தொடக்கத்தில் முன்வைத்த கோட்பாடு தடுப்பூசியையே உவமையாகக் கொண்டது. வலுக்குறைந்த நோய்க்கிருமி உடலைப் பழக்குவது போல, வரப்போகும் பொய்யின் தன்மையையும் அதன் பிழையையும் முன்னரே அறிந்த மனம் அதனை எதிர்க்க வல்லது என்பது அக்கோட்பாடு. 2017இன் அனுபவம் இதன் தேவையை உறுதிப்படுத்துகிறது.

இரண்டாவது, பதிவுசெய்தல். எந்த வதந்தி, எந்த ஊரில், எந்த நாளில், யாரிடம் கேட்கப்பட்டது என்ற குறிப்பின்றி வெளியிடப்படும் பொதுவான மறுப்பு, வதந்தியை அறியாதவருக்கும் அதனை அறிமுகம் செய்துவிடும். பெரியம்மைப் பதிவேடு காட்டிய ஒழுங்கு இதற்கு முன்மாதிரி.

மூன்றாவது, வேரைக் காணுதல். வதந்திக்குள் மறைந்திருக்கும் நியாயமான வினாவைப் பிரித்தெடுத்து அதற்கு விடை கூற வேண்டும். விடை சொல்லில் இல்லாதபோது, நிறுவனம் தன் செயலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தலைமையிடம் எடுத்துரைப்பதும் மக்கள் தொடர்பாளரின் கடமையே.

நான்காவது, சொல்பவரைத் தேர்தல். மைசூர் அரசியின் கையும் மேற்கு உத்தரப்பிரதேசத் தெருப் பெண்களின் சொல்லும் மதிப்புப் பெற்றதற்குக் காரணம் ஒன்றே. அவர்கள் மக்கள் அறிந்தவர்கள். தாம் நம்பியதைத் தம் பெயரில் செய்தவர்கள்.

ஐந்தாவது, சான்றைப் பழுதாக்காமை. தமிழ்நாடு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. இத்தகைய அமைப்புகளின் முதல், சான்றின் தூய்மையே. தம் தரப்புக்கு உதவும் போலியையும் எதிர்த்தரப்பின் போலியைப் போலவே தள்ளும் அமைப்பைத்தான் இரு தரப்பினரும் நம்புவர். ஷூல்பிரெட் பரேலிச் செய்யுளைத் தள்ளியது இந்நெறிக்கு இருநூறு ஆண்டுப் பழமையுள்ள எடுத்துக்காட்டு.

9. முடிவுரை

எல்லிஸின் நோக்கத்தைப் பழிக்க இயலாது. பெரியம்மை கொன்ற குழந்தைகளின் எண்ணிக்கையை நோக்க, ஒரு செய்யுளின் வயதைக் கூட்டிச் சொல்வது அவருக்குச் சிறு குற்றமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், நன்னோக்கம் அதைக் கொண்டவரோடு மறைந்துவிடுகிறது. பொய் மட்டும் நோக்கத்தின் துணையின்றித் தனித்து வாழ்கிறது. மக்களை இணங்கச் செய்யப் புனைந்ததை ஆட்சியாளரே நம்பினர். பின்னர் நாட்டின் பெருமையாக அது பேசப்பட்டது. இன்று அதனை மறுக்க ஆய்வாளர் உழைக்க வேண்டியுள்ளது.

பெரியம்மையும் போலியோவும் இந்தியாவை விட்டு நீங்கின. அவற்றை நீக்கிய பணியில் மக்களின் ஐயத்தைக் கேட்டவர்கள், எழுதி வைத்தவர்கள், உண்மையைக் கொண்டே விடையளித்தவர்கள் ஆகியோருக்குப் பங்குண்டு. பிழைத்தகவலை எதிர்கொள்ளும் குழு எதுவாயினும், தன் மறுப்புரை நூறாண்டுகளுக்குப் பின் எவர் கையில் எவ்வாறு பயன்படும் என்ற வினாவையும் எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பதைக் கல்வி விரும்பனின் கடிதம் நினைவூட்டுகிறது.